அடைப்பமும் தீட்டுக்கல்லும்

கல்லில் தீட்டும்போது கத்தியின் வாய் முன்னால் போக வேண்டும். தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னால் போக வேண்டும். மாற்றிச் செய்தால் கல்லில் பிசிர் ஏறும், வார் அறுபடும். தாராசுரத்தில் எங்கள் வீட்டுப் பையன்களுக்குச் சவரக்கத்தியைப் பற்றிச் சொல்லித்தந்த முதல் பாடம் இதுதான். முகத்தில் கத்தி வைப்பதெல்லாம் வெகுநாள் கழித்து.

எனக்கு அதைச் சொன்னவர் தாத்தா. 1960களின் நடுப்பகுதி அது. அப்பா அதற்குள் கும்பகோணம் சாலையில் நாற்காலியும் கண்ணாடியும் போட்டுக் கடை வைத்துவிட்டார். தாத்தா கடைக்குள் வந்து உட்காரவே மாட்டார். விடிவதற்கு முன்பே அடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வயல் வரப்பில் இறங்கிவிடுவார். பட்டீஸ்வரம், சோழன்மாளிகை, உடையாளூர் பக்கம் அவருக்கென்று வீடுகள் உண்டு.

அடைப்பம் என்பது எங்கள் தோல்பை. விரித்தால் உள்ளே இரண்டு சவரக்கத்தி, கத்திரிக்கோல், நகம் வெட்டும் சிற்றுளி, குறும்பி வாங்கி, முள் வாங்கி, பித்தளைக் கிண்ணி, கையகலக் கண்ணாடி, படிகாரக் கட்டி, துணியில் சுற்றிய தீட்டுக்கல். இந்தச் சாமானில் பாதி மயிருக்கானது அல்ல, உடம்புக்கானது. காலில் ஏறிய கருவேல முள், பழுத்த கட்டி, சதைக்குள் வளர்ந்த நகம் எல்லாம் தாத்தாவிடம்தான் வந்தன. பாட்டி மருத்துவச்சி. எங்களை ஊர் அம்பட்டர் என்றது, அரசுத் தாளில் மருத்துவர் என்று இருக்கிறது. இரண்டாவது பெயருக்கு உரிய வேலையைப் பாட்டியும் தாத்தாவும் கடைசிவரை செய்தார்கள்.

இரண்டு கத்திகளில் ஒன்று நாட்டுக்கத்தி. தேய்ந்துபோன அரத்தைக் காய்ச்சி, கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கியது. முதுகு தடித்து, ஆப்பு மாதிரி வாய்க்கு இறங்கும். தலை வழிக்க அதுதான் வசதி, கனத்திலேயே அறுத்துக்கொண்டு போகும். இன்னொன்று ஜெர்மன் கத்தி. சோலிங்கன் ஊரில் செய்தது, இரண்டு பக்கமும் குழித்து மெலிந்தது. நகத்தால் சுண்டினால் கிண்ணென்று கேட்கும். தாத்தா அதை முகத்துக்கு மட்டும் எடுப்பார். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துருப்பிடிக்காமல் இருக்க, ஒவ்வொரு வேலை முடிந்ததும் துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் வாயைத் தடவி மடிப்பார்.

கற்றுக்கொண்ட வரிசையைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. முதலில் கல். தண்ணீர் தெளித்து, கத்தியைப் படுக்க வைத்து, முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் பட்டபடி தள்ள வேண்டும். கோணத்தை நாம் தேட வேண்டியதில்லை. முதுகின் தடிமனே கோணத்தைத் தந்துவிடும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும், வாயின் மேல் ஒருபோதும் கூடாது. அப்புறம் வார், அதற்குப் பின் உள்ளங்கை. தோல் காய்ப்பேறிய பெரியவர்கள் கையிலேயே கடைசி வீச்சுகளைப் போடுவார்கள். எங்களைப் போன்ற பையன்களுக்கு அது தடை. முன்கையில் ஒரு மயிரைத் தொட்டதும் அது இழுபடாமல் உதிர்ந்தால் கூர் வந்தது என்று பொருள்.

இரண்டாவது சட்டி. புது மண்சட்டியைக் கவிழ்த்து, சோப்பு நுரையை அப்பி, கூர் போன பழைய கத்தியால் நுரையை மட்டும் வழிக்க வேண்டும். மண்ணில் இரும்பு உரசும் சத்தம் கேட்டால் தாத்தா திண்ணையிலிருந்தே, “டேய், சட்டிக்கு வலிக்குதுடா” என்பார். சட்டியின் வளைவு தாடை, விளிம்பு மோவாய். கத்தியின் கனம் மட்டுமே இறங்க வேண்டும், கையின் அழுத்தம் இறங்கக் கூடாது. பையன் இதைச் சட்டியில்தான் கற்றாக வேண்டும். முகத்தில் கற்க ஆரம்பித்தால் முகத்துக்குரியவன் பொறுக்க மாட்டான்.

அடுத்தது சொந்தக் கெண்டைக்கால். கடைசியாகத் தாத்தாவின் கன்னம். அவர் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வாயால் பாடம் நடத்துவார். “தண்ணி போதாது, இன்னும் தேய்.” விரல் நுனியால் தாடியை வேர் ஊறும்வரை நனைத்துத் தேய்ப்பதுதான் பாதிச் சவரம். ஈரத்தில் ஊறிய மயிர் அறுபடும், காய்ந்த மயிர் கத்தியைப் பிடித்து இழுக்கும். சோப்பு பின்னால் வந்த சௌகரியம். பல வீடுகளில் தாத்தா வெறும் தண்ணீரில்தான் வழித்தார்.

வேடிக்கை பார்ப்பவர்கள் வலது கையைப் பார்ப்பார்கள். தொழில் இடது கையில் இருக்கிறது. காதோரம் வழிக்கும்போது பொட்டுக்கு மேலே இழு. கன்னத்துக்குத் தோலைக் காதுப்பக்கம் ஏற்று. தாடை எலும்பின் மேல் கத்தி போகக் கூடாது, எலும்பின் மேலிருக்கும் தோலைக் கன்னத்துக்கு நகர்த்தி அங்கே வழி. கழுத்தில் மயிர் ஒரே திசையில் இருக்காது, சுழி இருக்கும். முதலில் விரலால் தடவி எந்தப் பக்கம் படிகிறது என்று அறிந்துகொள். குரல்வளை மேட்டில் நேராகப் போகாதே, தோலை ஒரு பக்கமாக ஒதுக்கி, “எச்சில் முழுங்கி நிறுத்துங்க” என்று சொல்லி, மூச்சு விடுவதற்குள் எடு. மேலுதட்டுக்கு மூக்கு நுனியைத் தூக்கு, அதையும் இரண்டு விரலால் மெதுவாக, ஆளுக்கு அவமானம் தோன்றாதபடி. கத்தியின் முதுகு தோலிலிருந்து தன் தடிமனுக்குச் சற்று மேல் எழும்பியிருந்தால் போதும். மேலும் நிமிர்ந்தால் சீவும், படுத்தால் மயிரை மடக்கி விட்டுவிடும். ஒருவன் கற்றுவிட்டானா என்று கேட்டால் நான் இன்றும் அவன் இடது கையைத்தான் பார்ப்பேன்.

இந்தக் கைக்கு இந்த நாட்டில் ஒரு காலத்தில் கல்லில் கணக்கு இருந்தது. பாலாற்றங்கரையில் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது, 1068-69ஆம் ஆண்டை ஒட்டியது. வீரசோழன் என்ற ஆதுலசாலையில் 15 நோயாளிகள் தங்கப் படுக்கை. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், மேற்கொண்டு காசு. சல்லியக்கிரியை, அதாவது அறுவை, செய்பவருக்கு 30 கலம். நாவிதருக்கு 15 கலம். நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும் மூலிகை கொண்டுவந்தவர்களுக்கும் அதே வரிசையில் நெல் எழுதியிருக்கிறது. நம் பக்கத்திலேயே தஞ்சைப் பெரிய கோயிலில், 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயில் ஆடல்மகளிருக்கு, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல் என்று ராஜராஜன் வெட்டிவைத்த அந்த நீண்ட பட்டியலில் வண்ணார், தையற்காரர், தச்சர், கன்னாரோடு நாவிதரும் வருகிறார்கள். கோயிலுக்கு உள்ளே வேலை, கோயில் களஞ்சியத்தில் கூலி. என் தாத்தா அந்தக் கல்வெட்டை வாசித்தவரல்ல. வாசித்திருந்தால் அவர் தூணைத் தொட்டுக்கொண்டு நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

எட்டு நூற்றாண்டுக்குப் பின் அதே தொழிலைப் பார்த்து எழுதியவர் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. 1823இல் நாடு திரும்பும்வரை தென்னிந்தியாவில் இருந்தவர். நாவிதர்தான் ஊரின் ரண வைத்தியர் என்றும், எந்த அறுவையானாலும் சவரக்கத்தியே கருவி, கட்டி உடைக்க நகம் வெட்டும் கருவியே போதும் என்றும் அவர் குறித்திருக்கிறார். ஏளனம் தொனிக்க எழுதினார். தாத்தாவின் சிற்றுளியைப் பார்த்தவன் நான், அதை அவர் எரியும் விளக்கில் காட்டிவிட்டுத்தான் தொடுவார்.

தாத்தாவின் கூலியும் நெல்தான். சோழர் காலத்துக் கணக்கின் கடைசி மிச்சம் என்றே அதைச் சொல்லலாம். குறுவையும் சம்பாவும் அறுத்துக் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான், காவல்காரர் எல்லாருக்கும் ஊர்ச் சுதந்திரம் என்று மரக்காலில் அளந்து விடுவார்கள். ஆண்டு முழுவதும் அந்த வீட்டு ஆண்களுக்கு முகம், தலை, நகம். கல்யாணமென்றால் மாப்பிள்ளைச் சவரம், வேட்டி. சாவு என்றால் சங்கு ஊதுவதிலிருந்து ஆற்றங்கரையில் பிள்ளைக்கு மயிர் எடுப்பதுவரை. சடங்கின் வரிசை தாத்தாவுக்குத்தான் தெரியும். துக்கத்தில் கலங்கி நிற்கும் பிள்ளையின் கையைப் பிடித்து, “இப்ப இதைச் செய்யுங்க, இப்ப மூணு சுத்து” என்று அவர்தான் நடத்துவார். பிறக்கும்போது பாட்டியின் கை, போகும்போது தாத்தாவின் கை.

ஆனாலும் அந்தக் கை திண்ணை ஏறவில்லை. கொல்லைப்பக்கம் மாட்டுக்கொட்டகை ஓரம்தான் அவருக்கு இடம். அவர் தொட்டவர்கள் உடனே முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். அறுபது வயது மனிதரைப் பத்து வயதுப் பையன் “வாடா” என்பான், அவர் “வரேன் சாமி” என்பார். தொண்டைக்குழியில் கத்தியை வைக்க நம்பியவர்கள் ஒரு மரியாதைச் சொல்லைத் தர மறுத்தார்கள். இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்கிறேன். அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாத்தாவின் கத்தி சேரிப்பக்கம் போனதே இல்லை. போனால் ஊர் களத்து நெல்லை நிறுத்திவிடும். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, கடையில் யாரையும் சாதி சொல்லி மறுக்கக் கூடாது என்றான பிறகும் கிராமங்களில் வெகுகாலம் நிலைமை மாறவில்லை. தாழ்த்தப்பட்டவர் தாழ்த்தியவரின் சொல்லுக்கு அஞ்சி இன்னொருவரைத் தாழ்த்திய கதை அது, எங்கள் தொழிலின் வரலாற்றில் அதை மறைத்து எழுத முடியாது.

எங்கள் ஊர் ஐராவதேசுவரர் கோயிலை இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுத்தான். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி அறுபத்துமூவர் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக, பெயர் பொறித்து ஓடுகின்றன. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதிலிருந்து வெளிநாட்டார் அவற்றின் முன் குனிந்து படமெடுக்கிறார்கள். மகளின் திருமண நாளிலேயே, துறவி கேட்டார் என்பதற்காக அவள் கூந்தலை அடியோடு அரிந்து கொடுத்த மானக்கஞ்சாற நாயனாரின் கதையும் அந்த வரிசையில் உண்டு. குயவர் இருக்கிறார், ஏகாலியர் இருக்கிறார், வேடர், பரதவர், நெசவாளர், செக்கார், பாணர் இருக்கிறார்கள். அறுபத்துமூவரில் நாவிதர் ஒருவரும் இல்லை. வடக்கே மராத்திப் பக்தர்களிடையே சேனா என்ற நாவிதர் உண்டு. அவர் பூசையில் ஆழ்ந்திருந்தபோது விட்டலனே அடைப்பத்தோடு போய் அரசனுக்குச் சவரம் செய்துவந்தான் என்று கதை. குரு கிரந்த சாகிபில்கூட அவர் பெயரில் பாடல் இருக்கிறது. நான் அந்தச் சிற்ப வரிசையைச் சுற்றும்போதெல்லாம் சேனாவை நினைத்துக்கொள்வேன்.

கூந்தலைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும். அக்கிரகாரங்களில் கணவனை இழந்த பெண்களின் தலையை மழித்தது எங்கள் முன்னோரின் கத்திதான். விடியுமுன் கொல்லைக்கு அழைப்பார்கள். சில தலைகள் குழந்தைத் தலைகள். தாத்தா வாலிபத்தில் செய்திருக்கிறார். அதைப் பற்றி நான் கேட்டபோது, “கையும் கத்தியும்தான் என்னுது” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், ‘இந்து’வைத் தொடங்கியவர்களில் ஒருவர், விதவையான தன் சிறு மகளுக்கு 1889இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சொந்தச் சாதி அவரைத் தள்ளிவைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு அதே பம்பாயில், தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டேவின் முயற்சியில் நூற்றுக்கணக்கான நாவிதர்கள் கூடி, இனி விதவைகளின் தலையை மழிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். சீர்திருத்த வரலாறுகளில் ஐயரின் பெயருக்குப் பத்தி கிடைக்கிறது, அந்த நாவிதர்களுக்கு வரி கிடைப்பதே அரிது. கத்தியைக் கையில் வைத்திருந்தவர்களே மாட்டோம் என்று சொன்னதை நான் பெரிய காரியமாக மதிக்கிறேன்.

தாத்தாவின் ஜெர்மன் கத்திக்கும் நம் நாட்டு இரும்புக்கும் தூரத்து உறவு உண்டு. கொங்குப் பக்கத்து உருக்கை வெளிநாட்டார் ஊட்ஸ் என்று அழைத்தார்கள். லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதைத் தலைமேல் வைத்துப் புகழ்ந்தவர். அவரும் மைக்கேல் பாரடேயும் 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த உருக்கின் இரகசியத்தைத் தேடிப் பல கலவைகளை உருக்கிப் பார்த்தார்கள். மின்சாரத்தில் பேர்பெற்ற அதே பாரடே, அந்தக் கலவை எஃகில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசளித்தார். 1830இல் ஜோசையா ஹீத் பரங்கிப்பேட்டையில் சேலத்துத் தாதுவைக்கொண்டு இரும்பாலை தொடங்கினார். ஆலை நொடித்தது. நம்மூர்க் கொல்லர் உலையும் அந்த நூற்றாண்டிலேயே அவிந்துகொண்டிருந்தது. ஷெபீல்டிலிருந்தும் சோலிங்கனிலிருந்தும் கத்திகள் கப்பலில் வந்தன.

அப்பாவின் கடைக்கு வருவோம். தாராசுரம் பட்டு நெசவு ஊர், சௌராஷ்டிரர் நிறைய. நெசவாளிக்கு நெல் கிடையாது, சேலை அறுத்தால் காசு. காசு கொடுப்பவருக்கு நாற்காலி வேண்டியிருந்தது. கிராமத்தில் எங்கள் ஆள் அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றார். இங்கே அவர்கள் எங்கள் கடைக்கு வந்து, வரிசையில் உட்கார்ந்து, தினத்தந்தி படித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மிராசுதாரின் மகனும் பஸ்ஸில் வந்து இறங்கி, யாரோ எழுந்துபோன அதே நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. “வாடா” என்று எங்கள் கடைக்குள் யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை கடை கிடையாது. அன்று அப்பா கல்லை எடுத்துப் போட்டுக்கொண்டு எல்லாக் கத்தியையும் தீட்டுவார்.

பிளேடுதான் முகச்சவரத்தை எங்களிடமிருந்து எடுத்துச் சென்றது. ஜில்லெட் 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரின் முடிவில் அந்நாட்டு ராணுவம் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர்களை வாங்கியது, ஒரு தலைமுறையே வீட்டில் சவரம் செய்யப் பழகிவிட்டது. இங்கே அசோக், பாரத், டோபாஸ் பிளேடுகள் பெட்டிக்கடைக்கு வந்த பிறகு, தினமும் வந்த வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் மாதத்துக்கொருமுறை முடிவெட்ட மட்டும் வந்தார்கள். கடைசி அடி வேறு இடத்திலிருந்து விழுந்தது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் குழுவும் நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தார்கள். அடுத்த பத்தாண்டில் ஒவ்வொரு கடையிலும், “புது பிளேடு போடுங்க” என்று வாடிக்கையாளரே கேட்கத் தொடங்கினார். பாதி பிளேடைச் செருகும் பிடி வந்தது. நான் அதற்கு மாறினேன், முழு மனதோடு. ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போகக் கூடாது என்பதைவிடப் பெரிய தொழில் மரியாதை எதுவும் கிடையாது. ஆனால் அதோடு கல் போயிற்று. இன்று கடைக்கு வேலைக்கு வரும் பையன்கள் சுத்தமாகச் சவரம் செய்கிறார்கள். கூர் எப்படிப் பிறக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சுவாமிமலையிலும் வைத்தீசுவரன்கோயிலிலும் முடியிறக்கும் எங்கள் ஆட்கள் கையிலும் பிளேடுப் பிடிதான். 2021இல் கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை அரசு நீக்கி, அந்தப் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் தருவதாக அறிவித்தபோது, கோயில் மறுபடி எங்களுக்கு அளக்கிறது என்று என் தம்பி சொன்னான்.

இப்போது ஒரு புது வழக்கம் பார்க்கிறேன். கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் சோலிங்கன் கத்தியைத் தபாலில் வரவழைத்து, எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். “ஐயா, சொந்தமா சவரம் பண்ணக் கத்துக்கணும், சொல்லித் தருவீங்களா?” என்று கேட்கிறார்கள். நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன், பணம் வாங்குவதில்லை. சொந்த முகத்தில் செய்பவனுக்கு ஒரு கஷ்டம் அதிகம். வலது கன்னத்துக்கு இடது கை தலைக்கு மேலே சுற்றிப் போய்த் தோலை இழுக்க வேண்டும், கண்ணாடியில் எல்லாம் இடம் மாறித் தெரியும். அதனால் முதல் இரண்டு வாரம் கன்னம் இரண்டு மட்டும், மயிர் படியும் திசையில், கீழ்நோக்கி. மோவாயும் மேலுதடும் பழைய ரேசருக்கே இருக்கட்டும். எதிர்த்திசையில் வழிக்கும் ஆசையைக் கொஞ்ச நாளைக்கு அடக்கி வை, தம்பி. குளித்த உடனே செய், தாடி ஊறியிருக்கும். ஒவ்வொரு தடவையும் முகத்தில் வைக்குமுன் வாரில் தீட்டு, வார் இறுக்கமாக இருக்கட்டும், கத்தி படுத்தே போகட்டும். கல்லைப் பற்றி இப்போது கேட்காதே. வாரில் கை படிந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை கத்தியோடு வா.